தந்திக்கு ஜலதோஷம்

முதல் தும்மலைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஊஞ்சலுக்கு அடியில் உட்கார்ந்திருந்த தந்தி, காதுகளைப் பின்னால் மடித்து, தலையை ஒரு வெட்டு வெட்டி, ‘ப்ச்’ என்று தும்மினாள். சோடா பாட்டில் திறக்கிற மாதிரி சத்தம். அடுத்த நொடியே ஊஞ்சல் மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்த அப்பா, வீடே அதிர ‘ஹச்ச்’ என்று பதில் சொன்னார். திரும்ப ஒரு ‘ப்ச்’. திரும்ப ஒரு ‘ஹச்ச்’.

“என்னப்பா, ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?”

“என்கிட்டேர்ந்துதான் ஒட்டிக்கிச்சு பாப்பா” என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை.

தந்தி எங்கள் வீட்டுப் பூனை. நாலு வயது. சாம்பலும் வெள்ளையுமாக இருப்பாள். அப்பா தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை ராத்திரி, வாசல் கதவை யாரோ நகத்தால் தட்டுகிற சத்தம். கட்... கடகட... கட். “யாரு இந்நேரத்துக்குத் தந்தி அடிக்கிறது?” என்று கேட்டுக்கொண்டே அப்பாதான் கதவைத் திறந்தார். உள்ளங்கை அளவில் ஒரு குட்டி. இரண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டிப்போய், மூக்கெல்லாம் சளியாக நின்றது. வேட்டித் தலைப்பை வெந்நீரில் நனைத்து அந்தக் கண்களைத் திறந்துவிட்டவர் அவர். பெயரும் அன்றைக்கே வைத்தாயிற்று. 2013 ஜூலையில் நாட்டில் தந்தி சேவையை நிறுத்தியபோது அப்பா இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. “நின்னுபோனது திரும்பி வந்திருக்கு பாரு” என்று அந்தக் குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவள் தூங்குவது அவர் நெஞ்சின் மேல்தான்.

எங்களுக்கு ஊர் மயிலாடுதுறை. ஐப்பசி மாதம் முழுக்கத் துலாக்கட்டத்தில் காவிரியில் முங்குவது இங்கே விசேஷம். மாதக் கடைசி நாள் கடைமுழுக்கு. அன்றைக்கு வர முடியாமல் போனவர்களுக்காகக் கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு என்றே ஒன்று உண்டு. “81 வயசுல இந்தத் தூறல்ல வேணாம்ப்பா, நாளைக்கு வெயில் வந்தா முடவன் முழுக்குக்குப் போகலாம்” என்று சொல்லிப் பார்த்தேன். “நான் என்ன முடவனா?” என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்று செம்புத் தண்ணீர்தான் தலையில் ஊற்றிக்கொண்டார். மறுநாள் காலை, மேலே சொன்ன கச்சேரி ஆரம்பித்தது.

அப்பாவின் ஜலதோஷத்துக்கு வைத்தியம் எனக்கு அத்துப்படி. மிளகு ரசம், நொச்சி இலை போட்டு ஆவி, ராத்திரி நெஞ்சில் தைலம், உடம்பு சுட்டால் பாரசிட்டமால். மருந்து சாப்பிட்டால் ஏழு நாளில் போகும், சாப்பிடாவிட்டால் ஒரு வாரத்தில் போகும் என்று சொல்வார்களே, அந்தக் கணக்கைத்தான் பூனைக்கும் போட்டேன்.

இரண்டாம் நாள் தந்தியின் மூக்கில் தண்ணீராக ஒழுகியது. கண் கலங்கியிருந்தது. தட்டில் வைத்த சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மழை நாளில் பூனை மந்தமாக இருப்பது சகஜம்தானே என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ஒழுகல் கெட்டியாகி மஞ்சளும் பச்சையுமாக ஆகிவிட்டது. மூச்சு விடும்போது ‘குர்ர்’ என்று ஒரு சத்தம். கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளையாக ஒரு சவ்வு பாதிக் கண்ணை மூடியிருந்தது. தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்வதை நிறுத்திவிட்டாள். பூனை வளர்ப்பவர்களுக்குத் தெரியும், அது நக்குவதை நிறுத்தினால் உலகமே அதற்கு வெறுத்துப்போய்விட்டது என்று அர்த்தம்.

அன்றைக்கு முழுக்க ஒரு பருக்கை சாப்பிடவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று வளர்ந்தவள் நான். பட்டினி கிடந்தால் உடம்பு தன்னால் சரியாகும் என்று நினைத்துக்கொண்டு, அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு நானும் படுத்துவிட்டேன்.

நாலாம் நாள் காலை சமையலறையில் தந்தியின் கிண்ணம் நிறையப் பால் இருந்தது. நான் வைக்கவில்லை. மேலே ஆடை கட்டி அப்படியே இருந்தது. கொட்டப் போனபோது அடியில் வெள்ளையாகப் பொடி மாதிரி தங்கியிருந்தது.

“நான்தான் வச்சேன்” என்றார் அப்பா, ஊஞ்சலில் எழுந்து உட்கார்ந்து. “ராத்திரி தொட்டுப் பார்த்தேன், காது அனலா கொதிக்குது. என் மாத்திரைல பாதி. கொழந்தைக்குப் பாதிதானே குடுப்பாங்க? கசப்பு தெரியக் கூடாதுன்னு சர்க்கரைகூடப் போட்டேன். வந்து மோந்து பார்த்துச்சு, குடிக்கலை.”

பொய் சொல்வானேன், எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. குடித்திருந்தால் காய்ச்சலாவது விட்டிருக்குமே என்றுதான் நினைத்தேன். ஆனால் பால் பிடிக்கும் பூனை பாலையே குடிக்கவில்லை என்றதும் உள்ளுக்குள் பயம் வந்தது. மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் பழைய புடவையை விரித்து அவளை உள்ளே வைத்தேன். திமிறவே இல்லை. அதுவும் பயமாக இருந்தது. “நானும் வரேன்” என்று அப்பா மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே எங்களுக்கு முன்னால் இரண்டு ஆடு, வயிறு உப்பிய ஒரு கன்றுக்குட்டி, ஒரு நாட்டுக்கோழி. எங்கள் முறை வந்தபோது சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் தந்தியை மேஜை மேல் எடுத்து வைத்தார். காய்ச்சல் 104 டிகிரி. பூனைக்கு நம்மைவிட உடம்பு சூடு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், 102 வரைக்கும் பயப்பட வேண்டியதில்லை, இது ஜாஸ்தி என்றார். கழுத்துத் தோலை லேசாகத் தூக்கி விட்டார். பட்டென்று பழைய இடத்துக்குப் போகாமல் மெதுவாக இறங்கியது. “தண்ணிச் சத்து குறைஞ்சிருக்கு. எப்போலேர்ந்து சாப்பிடலை?”

“நேத்துலேர்ந்து. முந்தாநாளே சரியா சாப்பிடலை.”

“வீட்டுல என்ன மருந்து குடுத்தீங்க?”

“ஒண்ணும் குடுக்கலை டாக்டர். ராத்திரி பால்ல அரை பாரசிட்டமால் கலந்து வச்சோம், அதையும் குடிக்கலை.”

டாக்டரம்மாவின் கை நின்றது. உடனே தந்தியின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். பாதங்களைத் திருப்பிப் பார்த்தார். முகத்தை இரண்டு கையாலும் தடவி வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார்.

“ஒரு வாய்கூட நக்கலையா? நல்லாத் தெரியுமா?”

“பால்ல ஆடை கட்டியிருந்துச்சு. உடையவே இல்லை.”

அப்புறம்தான் அவர் மூச்சு விட்டார். ஈறு வெளிறாமல், பழுப்பேறாமல் இளஞ்சிவப்பாக இருக்கிறது, பயமில்லை என்று சொல்லிவிட்டு விளக்கினார். பாரசிட்டமால் நம் உடம்பில் போனால் கல்லீரல் அதைப் பக்குவம் பண்ணி வெளியே அனுப்பிவிடும். அந்த வேலையைச் செய்கிற நொதி பூனைக்குப் போதுமான அளவு கிடையாது. மருந்து விஷமாக மாறி ரத்தத்தின் சிவப்பணுக்களைக் கெடுக்கும். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு திணறும். மாற்று மருந்து உண்டு, ஆனால் சில மணி நேரத்துக்குள் கொண்டு வர வேண்டும். “பூனைக்கு இதுல பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதும்மா. மூணு கிலோ பூனை. உங்க 650-ல பாதி போயிருந்தா, காலைல இந்தக் கூடையில நீங்க உயிரோட கொண்டு வந்திருக்க மாட்டீங்க.”

“குடிக்காம இருந்துச்சே, அந்த மட்டும்...” என்று இழுத்தேன்.

“மூக்கு அடைச்சிருக்கு, வாசனை தெரியலை. அதான் குடிக்கலை. வாசனை தெரியலைன்னா பூனை எதையும் வாயில வைக்காது.”

நான் திரும்பிப் பார்த்தபோது அப்பா பின்னால் இல்லை. வெளியே தாழ்வாரத்தில், ஆட்டுக்காரர் பக்கத்தில், மப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா தோலுக்கு அடியில் சலைன் ஏற்றினார். முதுகில் சின்னத் திமில் மாதிரி உப்பிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் வற்றிப் போகும் என்றார். காய்ச்சலுக்கு ஊசி போட்டார். போட்டுக்கொண்டே என்னை ஒரு பிடி பிடித்தார். பூனைக்கு லங்கணம் கிடையாது. வளர்ந்த பூனை ஒரு முழு நாள் சாப்பிடாமல் இருந்தாலே டாக்டரைக் கேட்டுவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பின் கொழுப்பெல்லாம் கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்து, ஜலதோஷத்தில் தப்பித்த பூனை கல்லீரல் கெட்டுச் செத்துப் போகலாம். குண்டுப் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். குட்டியாக இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சு வாங்கினால் ராத்திரி, பகல் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

“குட்டியா வந்தப்போ கண்ணுல பீளை கட்டி இருந்துச்சா?” என்று கேட்டார்.

எப்படித் தெரியும் இவருக்கு என்று ஆச்சரியமாக இருந்தது. பூனை ஜலதோஷத்துக்குப் பெரும்பாலும் இரண்டு வைரஸ்கள்தான் காரணமாம். ஒன்று பூனைக்கான ஹெர்பிஸ், இன்னொன்று கலிசி. கலிசியாக இருந்தால் நாக்கில் புண் வரும், எச்சில் ஒழுகும். தந்தியின் வாயில் புண் இல்லை. ஹெர்பிஸ் என்றால் ஒருமுறை வந்தபின் உடம்பை விட்டுப் போகவே போகாது. உள்ளேயே தூங்கிக்கொண்டிருந்து, பூனை பயந்தாலோ அலைக்கழிந்தாலோ எழுந்துகொள்ளும். “வீட்டுல சமீபத்துல ஏதாவது அமளி?”

அமளிக்கா பஞ்சம்? தீபாவளிக்குத் தம்பி குடும்பம் வந்திருந்தது. மூன்று பிள்ளைகள். வாசலில் சரவெடி. தந்தி பரண் மேல் பழைய அண்டாவுக்குள் போய் இரண்டு நாள் கீழே இறங்கவில்லை. அவர்கள் கிளம்பிப் போய் ஒரு வாரம்தான் ஆகிறது.

“அது போதும்” என்றார். “இப்ப மஞ்சளா வர்றது பாக்டீரியா மேல சேர்ந்துக்கிட்டதால. அதுக்குத்தான் மாத்திரை தரேன்.” நமக்கு வரும் சாதாரண ஜலதோஷ வைரஸ் வேறு, பூனையுடையது வேறு, நமக்கு அதுவும் அதற்கு நம்முடையதும் ஒட்டாது என்றும் சொன்னார்.

ஆட்டோவில் வரும்போது அதை முதல் வேலையாக அப்பாவிடம் சொன்னேன். “உங்ககிட்டேர்ந்து வரலையாம்ப்பா. அதுக்கே உள்ள இருந்ததாம்.”

“ம்” என்றார். ஜலதோஷக் கணக்கு தீர்ந்தது. அந்த இன்னொரு கணக்கைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன், எனக்கும் தெரியாதுப்பா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆட்டோச் சத்தத்தில் சொல்ல வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஊஞ்சலில் படுக்கவில்லை. உள் அறைக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தந்தி மெல்ல நடந்து போய் அந்தக் கதவருகே உட்கார்ந்தாள். வழக்கமாக “வாடி தந்தி” என்று குரல் வரும். வரவில்லை. மத்தியானம் கஞ்சி கொண்டு போனால் “பசிக்கலை” என்றார். ஒரே வீட்டில் இரண்டு பேர் சாப்பிடாமல் கிடந்தார்கள். ஒருவரையாவது கூடையில் வைத்துத் தூக்கிப் போக முடிந்தது.

நான் வேலையில் இறங்கினேன். டாக்டரம்மா சொன்ன முதல் வேலை, மூக்கைத் திறந்துவிடுவது. கொதிக்கக் கொதிக்க இரண்டு வாளி வெந்நீர் போட்டுக் குளியலறையில் வைத்தேன். தந்தி தவறிக்கூட விழாதபடி வாளிகளை மூலையில் தள்ளி, முன்னால் பலகையை நிறுத்தினேன். கதவைச் சாத்திக்கொண்டு, முக்காலியில் அவளை மடியில் வைத்து உட்கார்ந்தேன். பத்து நிமிஷம், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நமக்குச் செய்வதுபோல் துணியைப் போர்த்தித் தலையைப் பிடித்து அமுக்கக் கூடாது. தண்ணீரில் எதுவும் போடவும் கூடாது. நொச்சி வேண்டாம், யூகலிப்டஸ் தைலம் கூடவே கூடாது. வெறும் ஆவி. ஐந்தாவது நிமிஷத்தில் என் முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது. தந்தி மூன்று முறை தும்மி, என் புடவையில் அவள் கொண்டுவந்ததையெல்லாம் இறக்கி வைத்தாள். அருவருப்பாக இருந்ததா என்று கேட்டால், சந்தோஷமாக இருந்தது.

பிறகு சுத்தமான பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துக் கண்ணைத் துடைப்பது. உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. அதையே அடுத்த கண்ணில் வைக்கக் கூடாது. காய்ந்துபோன பீளையைப் பிய்க்காமல் ஈரப்பஞ்சை ஒரு நிமிஷம் மேலே வைத்திருந்தால் தானாக ஊறி வந்துவிடும். மூக்குக்கும் அப்படியே.

வீட்டில் என்னென்னவோ நின்றது. சாயந்திரம் சாம்பிராணி போடுவதை நிறுத்தினேன். கொசுவர்த்திச் சுருள் வேண்டாம் என்று கொசுவலை கட்டினேன். தரை துடைக்கிற பினாயிலை எடுத்துக் கொல்லைப்புறம் வைத்தேன். பூனை தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும். பினாயில் வகையறா அதற்கு ஆகாது.

அப்போதுதான் அப்பாவின் தைலம் ஞாபகம் வந்தது. ராத்திரி ராத்திரி நெஞ்சில் அரக்கித் தேய்த்துக்கொள்கிறார். அதில் கற்பூரம், யூகலிப்டஸ் எல்லாம் இருக்கிறது. அந்த நெஞ்சின் மேல்தான் தந்தி படுப்பாள். முடியில் ஒட்டியதை நக்குவாள். இதை எப்படிச் சொல்வது? ஏற்கெனவே ஒடிந்து கிடக்கிற மனுஷரிடம், ‘இன்னொன்றும் இருக்கிறது’ என்று எப்படிப் போய் நிற்பது? அறை வாசலில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தைலமும் அவளுக்கு ஆகாதாம் என்று சுருக்கமாகச் சொன்னேன். அவர் திரும்பவில்லை. ஆனால் அன்று ராத்திரி தைலம் தேய்க்கவில்லை. இருமிக்கொண்டே தூங்கினார்.

மாத்திரை கொடுக்கிற கட்டம் வந்தது. அது டாக்சிசைக்ளின். வெறும் மாத்திரையாக உள்ளே தள்ளிவிட்டால் பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கிவிடும். கொடுத்த கையோடு ஐந்து மில்லி தண்ணீரை ஊசி மாட்டாத சிரிஞ்சால் கடைவாய் ஓரமாக மெல்ல விட வேண்டும் என்று டாக்டரம்மா இரண்டு முறை சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் வேலை விஷயமாக வெளியூரில். துண்டில் சுற்றிப் பிடிக்க ஒரு கை, வாயைத் திறக்க ஒரு கை, மாத்திரைக்கு ஒரு கை, சிரிஞ்சுக்கு ஒரு கை. எனக்கு இரண்டுதான் இருக்கிறது. முதல் மாத்திரை என் ஜாக்கெட்டுக்குள் போனது. இரண்டாவது ஊஞ்சலுக்கு அடியில்.

“அப்பா, கொஞ்சம் வாங்களேன். கை பத்தலை.”

பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டேன்.

“நான் வேணாம் பாப்பா” என்றது குரல். “என் கையால வேணாம்.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நல்லதாக நாலு வார்த்தை சொல்லத் தெரிந்தவள் இல்லை நான். “மாத்திரைய நான் குடுக்குறேன். நீங்க தண்ணி அளந்து குடுத்தாப் போதும். அஞ்சு மில்லி. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது, எனக்குக் கண்ணாடி இல்லாம கோடு தெரியலை” என்றேன். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது.

வந்தார். சிரிஞ்சை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றி, கோட்டுக்குச் சரியாக நிறுத்தினார். முப்பது வருஷத்துக்கு மேல் வார்த்தையை எண்ணிக் காசு வாங்கிய கை, அளவென்றால் அளவுதான். நான் மாத்திரையைப் போட்டதும், நான் வாங்குவதற்குள் அவரே குனிந்து கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டார். தந்தி விழுங்கினாள். விழுங்கிவிட்டு அவர் விரலைப் பார்த்தாள்.

“நானும் அதத்தான் செஞ்சிருப்பேன்ப்பா” என்று அப்போது சொன்னேன். “எனக்கும் தெரியாது.”

அவர் சிரிஞ்சைக் கழுவப் போய்விட்டார்.

மூக்கு கொஞ்சம் திறந்தும் சாப்பாடு இறங்கவில்லை. வாசனை தூக்கலாக, கை சூட்டுக்கு வெதுவெதுப்பாக ஏதாவது வையுங்கள், மீன் வேகவைத்தது உத்தமம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம், கருவாட்டில் உப்பு அதிகம். மீனில்தான் சிக்கல். கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் மீன் கிடையாது. அப்பா வைத்த சட்டம் அது. நான் கல்யாணமாகி வந்த வீட்டிலும் அதையே கடைப்பிடிக்கிறேன், இப்போது அவர் என்னோடு இருப்பதால் இன்னும் கறாராக. அதனால் முட்டையை வேகவைத்து மசித்துப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடையில் விற்கும் பூனை உணவை வெந்நீரில் குழைத்தேன். அதுவும் ஆகவில்லை.

ஆறாம் நாள் காலை ஏழு மணிக்கு வாசலில் பேச்சுக்குரல். எட்டிப் பார்த்தேன். தரங்கம்பாடிப் பக்கமிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவருகிற அம்மாவை அப்பா நிறுத்தியிருந்தார்.

“என்னங்கய்யா, கார்த்திகையில நீங்க மீன் கேக்குறீங்க?”

“பூனைக்கு ஏதும்மா கார்த்திகை? நாலு மத்தி குடு.”

வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. கொல்லையில் கிணற்றடிப் பக்கம் மூன்று செங்கல்லை வைத்து, தென்னமட்டையைப் பற்றவைத்து, பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீர் மட்டும் ஊற்றி வேகவைத்தார். நான் கிட்டே போனால் “நீ போ, நான் பார்த்துக்குறேன்” என்று விரட்டினார். நடுமுள்ளை எடுத்து, சின்ன முள்ளையெல்லாம் விரலால் தடவித் தடவிப் பொறுக்கினார். அதற்கே அரை மணி நேரம் ஆனது. ஒரு விள்ளலைப் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்தார், குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பதுபோல.

தந்தியை ஆவி பிடிக்க வைத்து அப்போதுதான் வெளியே கொண்டுவந்திருந்தேன். அப்பா தாழ்வாரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஆள்காட்டி விரல் நுனியில் கொஞ்சம் மீனைத் தடவி நீட்டினார். தந்தி மூக்கைக் கொண்டுபோனாள். எடுத்துக்கொண்டாள். திரும்பக் கொண்டுபோனாள். மூக்கின் இரண்டு ஓரமும் விரிந்து சுருங்கியது. ஒரு நக்கு. நிறுத்தி யோசித்தாள். இன்னொரு நக்கு. அப்புறம் விரலையே பல்லில் பிடித்து இழுத்தாள்.

ஒரு மீன் முழுசாகப் போனது. மத்தியானம் இன்னொன்று.

“பாப்பா, எனக்கும் கஞ்சி இருக்கா?” என்றார்.

அதற்கப்புறம் வேகமாகத் தேறினாள் என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. காய்ச்சல் விட்டுவிட்டது, மூக்குச்சளி மெல்ல மெல்லத் தண்ணீராகி நின்றது, தும்மல் மட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தது. நன்றாகிவிட்டதே என்று மாத்திரையை நடுவில் நிறுத்தக் கூடாது என்றார்கள். பத்து நாளும் கொடுத்தோம். சிரிஞ்சு வேலை அப்பாவுடையது என்று ஆகிவிட்டது. தெருவில் ஒரு கடுவன் பூனை வந்து தந்தியின் தட்டில் வாய் வைத்துவிட்டுப் போகும். நோய் தட்டு வழியாகவும் நம் கை வழியாகவும்கூட அடுத்த பூனைக்குப் பரவுமாம். அவனுக்கும் மதிலோரம் தனித்தட்டு வைத்தார் அப்பா. அவனைத் திட்டிக்கொண்டே.

மறுபடி காட்டப் போனபோது டாக்டரம்மா இன்னொன்றையும் கேட்டார். வெறிநோய் ஊசி போட்டிருக்கிறோம், இந்த வைரஸ்களுக்கான முத்தடுப்பு ஊசி போடவில்லை. வீட்டுக்குள் இருக்கிற பூனைதானே என்று நான் விட்டது. போட்டாலும் ஜலதோஷமே வராது என்பதில்லை, வந்தால் இவ்வளவு கடுமையாக இருக்காது. முழுசாகக் குணமானதும் போட்டுக்கொள்ளலாம் என்றார். அப்பா சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துத் தேதி கேட்டு எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து தினசரி நாட்காட்டியிலும் அந்தத் தேதித் தாளைத் தேடி எடுத்து, ‘தந்தி - ஊசி’ என்று பென்சிலால் எழுதினார்.

போன வாரம் எனக்குத் தலைவலி. மாத்திரை எடுக்க அலமாரியைத் திறந்தால் மருந்து டப்பாவைக் காணோம். மேல்தட்டில், அப்பாவுக்கே எட்டாத உயரத்தில், ரப்பர் பேண்டு போட்டு இருந்தது. நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். மூடியில் வெள்ளைத்தாள் ஒட்டி, அந்தக் காலத்து ஆபீஸ் கையெழுத்தில் எழுதியிருந்தது: ‘தந்திக்கு எதுவும் தராதே. டாக்டரைக் கேள்.’ ஐந்து வார்த்தை.

“இது யாருக்குப்பா?”

“எனக்குத்தான்” என்றார் ஊஞ்சலில் இருந்து. தந்தி அவர் நெஞ்சின் மேல் படுத்திருந்தாள். “ராத்திரி நேரம், பதட்டத்துல மறந்துட்டா?”

நாற்காலியை நகர்த்திய சத்தத்தில் தந்தி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். தும்மப் போகிறாளோ என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். கொட்டாவி விட்டுவிட்டுத் திரும்பத் தூங்கிவிட்டாள்.